நடுச்சுவரின் மேல் நாலரை டன்

2023 ஏப்ரல் 16, ஞாயிறு, காலை எட்டு ஐம்பது. காற்று அசையவில்லை, வெயில் அப்போதே முதுகைச் சுட்டது. பகாவ் நகருக்கு அருகில் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் இப்போது விளக்கெரியும் தமிழ் வீடு என்னுடையது ஒன்றுதான். கோவில் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு மட்டும் பழைய தோட்டத்து ஆட்கள் கோத்தோங் ரோயோங்குக்கு வந்து, கூடிச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். ஆண்டில் எனக்குப் பேச்சுத் துணை அந்த ஒரு நாள்.

கோவிலுக்குப் பின்னால் மூடிப்போன ரப்பர் ஆலையின் தொட்டி இருக்கிறது. நடுவில் செங்கல் சுவர். நான் அங்கே வேலை பார்த்தபோது ஒரு பக்கம் ரப்பர் பால், மறுபக்கம் தண்ணீர். பால் தண்ணீரைவிடச் சற்றே இலேசு. இரண்டும் எதிரெதிராகத் தள்ளினால் மிஞ்சுவது நூறு கிலோகூட வராது. அதனால்தான் அவ்வளவு மெல்லிய சுவர். ஒரு பக்கத்து மட்டத்தை இறக்கினால் மறுபக்கத்தையும் சேர்த்தே இறக்குவோம்.

இப்போது இரண்டிலும் மழைத்தண்ணீர். அன்று ஒரு பக்கத்தைக் காலியாக்கி, நான்கு பெண்கள் உள்ளே குந்திப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் விளிம்புவரை தண்ணீர்.

“ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!” என்று கத்தினேன்.

“பெருசு கணக்க ஆரம்பிச்சிட்டாரு லா,” என்றார் கோவில் தலைவர். சிரித்தார்கள்.

சுவர் நாலு மீட்டர் நீளம், தண்ணீர் ஒன்றரை மீட்டர் ஆழம். பரப்பு ஆறு சதுர மீட்டர். சராசரி ஆழம் முக்கால் மீட்டர். பெருக்கினால் நாலரை டன் என்று சொன்னேன். அந்தத் தள்ளல் மொத்தமும் திரளும் இடம் தரையிலிருந்து அரை மீட்டர், குந்தியிருப்பவரின் நெஞ்சுக்கு நேரே.

“இத்தன வருசமா நிக்கிற செவுரு, இன்னிக்கா விழப்போவுது?” என்றார் தலைவர்.

“இத்தன வருசமும் ரெண்டு பக்கமும் தாங்கல் இருந்துச்சு,” என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

உள்ளே இருந்த ஒரு பெண், சுங்கை காடுட் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை செய்பவர், என் கையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. “நான் ஏறிடுறேன் பெரியப்பா. நீங்க பதறாதீங்க,” என்று பிரஷைப் போட்டுவிட்டு ஏறினார். மற்றவர்களும் முணுமுணுத்தபடி பின்னால் வந்தார்கள். நான் மறுபக்கத்து வால்வைத் திறந்துவிட்டேன்.

“ஐயோ, அன்னதானத்துக்குப் பாத்திரம் கழுவ வச்ச தண்ணி லா!” தலைவர் தலையில் கைவைத்தார். தண்ணீர் லோரிக்கு நானே பணம் தருகிறேன் என்றேன்.

தொட்டி வடியும்வரை அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “நாலரை டன்னுன்னா எவ்வளவு பெரியப்பா?”

“ஆறு சின்னக் காரோட எடை சேந்து தள்ளுற மாதிரி.”

“ஆறா? எம் புருஷன் இன்னும் ஒண்ணுகூட வாங்கித் தரல!”

நானும் சிரித்துவிட்டேன். பிறகு ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தரையில் கணக்கை வரைந்தேன். முடியும்வரை பார்த்தார்.

சுவர் விழவில்லை, இன்றும் நிற்கிறது. நான் சொன்னது சரியா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சில மாலைகளில் எனக்கே சந்தேகம் வரும், போய்த் தொட்டுப் பார்ப்பேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நான் போடும் கணக்கைக் கடைசிவரை கேட்டவர் அவர் ஒருவர்தான். அதுவும் கணக்கு விளங்குமுன்பே, என் நடுக்கத்தை மட்டும் நம்பி ஏறி வந்தவர். அந்தக் காலைப் பொழுதுக்காக எனக்கு ஆன செலவு, தண்ணீர் லோரிக்குக் கொடுத்த நூற்று எண்பது ரிங்கிட்.