ஹீட்டரில் காய்ந்த டி.என்.ஏ.

காலையில் ஷேக்கர் என்ற குலுக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் புளித்த அப்ப மாவின் மணம் முகத்தில் அடிக்கும். இரவு முழுவதும் குலுங்கிக் குலுங்கி வளர்ந்த பாக்டீரியாவின் மணம் அது. ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்... சட்டையைத் துவைத்தாலும் லேசில் போகாது.

மொன்றியலில் நான் மாணவனாக இருந்த காலம். பாக்டீரியாவுக்குள் இருக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தைப் பிரித்துச் சுத்தமாக எடுப்பதுதான் அன்றாட வேலை. எல்லாம் ஆயத்தமாகப் பெட்டியில் வரும் கிட் எங்கள் பேராசிரியருக்குப் பிடிக்காது, எல்லாம் கைவேலைதான்.

முதலில் பாக்டீரியாவை உடைக்க வேண்டும். கலவை முட்டை வெள்ளைக்கருபோல வழவழக்கும். அடுத்த கரைசலை விட்டதும் பால் திரைந்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் திரளும். அப்போது குழாயைக் குலுக்கக் கூடாது. மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.

இதில் என்னைவிடக் கைநேர்த்தி உள்ளவர் தர்சினி. யாழ்ப்பாணத்துப் பெண், அதே ஆய்வகத்தில் முதுகலை செய்துகொண்டிருந்தார். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவருடைய பிளாஸ்மிட் மட்டும் சரியாக வரவேயில்லை. "நாளைக் காலை ஜெல்லில் பார்ப்போம். சுத்தமாக வந்தால் முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஜெல்லில் ஓடவிட்டால் டி.என்.ஏ. ஒளிரும் பட்டையாகத் தெரியும்.

அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆல்கஹாலில் கழுவிய டி.என்.ஏ. குழாயின் அடியில் வெள்ளைப் பொட்டாக நின்றது. அது காய வேண்டியதுதான் பாக்கி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, இது எப்ப காயும்?"

"காயிற நேரம் காயும். அவசரப்படாதேங்கோ."

"உங்களுக்கென்ன, தனிக்கட்டை! என்ரை பிள்ளை சப்பாத்தும் தொப்பியும் போட்டுக்கொண்டு கதவடியிலை நிப்பாள். ஆறு மணிக்குக் கார்டெரியைப் பூட்டிப்போடுவினம்." குழந்தைகள் காப்பகத்துக்கு மொன்றியலில் கார்டெரி என்று பெயர்.

"அப்ப விட்டிட்டுப் போங்கோ. நான் பாக்கிறன்."

"வேண்டாம் அண்ணை. பேராசிரியர் கேட்டால் என்னெண்டு சொல்லுறது? சமைச்சது நான், இறக்கினது அண்ணை எண்டோ?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒருவருடைய மாதிரியை இன்னொருவர் தொடக் கூடாது என்பது அந்த ஆய்வகத்தின் விதி. அவர் சொன்னது விதிப்படி சரி.

குழாய்களைக் கொண்டுபோய் ஜன்னலோர ஹீட்டரின் மேல் வைத்தார்.

"வைக்காதேங்கோ. கூடக் காஞ்சால் பேந்து கரையாது."

"ஐஞ்சு நிமிசம் அண்ணை..."

பொட்டு காய்ந்து கண்ணாடிச் சில்லுபோல ஆனது. அதன்மேல் கரைசலை விட்டு மூடிவிட்டு, கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி மெட்ரோவுக்கு ஓடினார்.

மறுநாள் ஜெல்லில் எல்லோருடைய பட்டைகளும் ஒளிர்ந்தன. அவருடைய வரிசை மட்டும் இருண்டு கிடந்தது. பேராசிரியர் கோபப்படவில்லை, முதுகலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று மென்மையாகச் சொன்னார். தர்சினி "ஓம்" என்று தமிழிலேயே சொல்லித் தலையாட்டினார்.

இப்போது அவர் மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்டில் ஒரு கடையில் மேலாளர். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்கிறார், நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கைநேர்த்தி... இன்றுவரை வேறொருவரிடம் நான் பார்க்கவில்லை.

இன்றைக்கு எல்லாம் கிட்தான். வடிகட்டியில் ஊற்றிச் சுழற்றினால் போதும்; காய்வதற்குக் காத்திருக்கும் வேலையே இல்லை. போன வாரம், என்னோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவர், "அண்ணை, ஒருக்கா இதைப் பாருங்கோ, கார்டெரியிலை பெடியனைக் கூட்டிவரப் போறன்" என்று பாதி வேலையில் குழாய்களை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். மீதியை நான் முடித்து வைத்தேன்.

மறுநாள் பட்டை பளிச்சென்று விழுந்திருந்தது. யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.