பித்தளை தேடுற வேலை எங்க அண்ணிக்குப் போச்சு

1. பை யாரு கைக்குப் போச்சு

எங்கண்ணன் கௌதமோட காரியமெல்லாம் முடிஞ்சு நான் திரும்ப வேலைக்குப் போன மொத நாளு, அவன் பித்தளை தேடப் போறப்ப மாட்டிட்டுப் போற பைய மேடம் எடுத்து எங்க அண்ணி கையில குடுத்தாங்க. நான் பக்கத்துலயே பாலிஷ் துணியோட நிக்கிறேன். என் மூஞ்சிய அவங்க பாக்கவே இல்ல.

மேடம்னா எங்க வொர்க்‌ஷாப் ஓனர். பழைய பீரோ, மேஜை, கட்டிலு எல்லாம் ரிப்பேர் பண்ணி பழைய மாதிரியே ஆக்கிக் குடுக்கிற வேலை. நான் அங்க பாலிஷ் போடுறேன். எட்டாவதோட படிப்பு நின்னுச்சு, அப்புறம் அண்ணன்தான் இங்க சேத்து விட்டான்.

புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மரத்த எப்படியும் சரி பண்ணிடலாம். சாமான்தான் கெடைக்காது. சாமான்னு நாங்க சொல்றது கீலு, பூட்டு, கைப்பிடி, தாழ்ப்பா, சாவி ஓட்டை மேல அடிக்கிற பித்தளைத் தகடு, இதெல்லாம். இப்ப கடையில வர்றது பூரா ஸ்டீலு. ஸ்க்ரூவே எல்லாம் ஸ்டார் ஸ்க்ரூ. பழைய டேபிள்ல ஒரே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ போட்டாலும் பல்லு போன வாய்ல ஸ்டீல் பல்லு கட்டுன மாதிரி தனியா தெரியும். அதனால பங்களா எங்க இடிக்கிறாங்க, குஜ்ரி கடைக்கு, அதான் பழைய இரும்புக் கடைக்கு, என்ன லோடு வந்துச்சுன்னு ஒருத்தர் சுத்திட்டே இருக்கணும். எங்க வொர்க்‌ஷாப்ல அது எங்கண்ணன் வேலை. சாமான் அதிகமா எறங்குறது ஞாயித்துக்கிழமை. அவன் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து எல்லா ஞாயிறும் நான்தான் போவேன்.

லாரி இடிச்சு அவன் போயிட்டான். சரி, அந்த வேலை எனக்குத்தான்னு நான் பாட்டுக்கு மனசுல நெனச்சுட்டு இருந்தேன்.

"விமலாக்கு ஒரு வருமானம் வேணும்ல யசோதா. கொழந்த இருக்கு. நீ பாலிஷ்ல செட் ஆயிட்டே"ன்னாங்க மேடம்.

நியாயம்தான். ஆனா நியாயம்னு தெரிஞ்சா வயிறு எரியாம இருக்குமா?

அதுக்கு முன்னாடியே எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் நேரா அண்ணிகிட்ட போய் கையப் புடிச்சு அழுவாங்க. எங்கிட்ட வந்து, "அண்ணிய பாத்துக்கோமா"ன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டுவாங்க. செத்தது எனக்கும் அண்ணன்தானே? எங்க ஜீவனஹள்ளி தெருவுல ஒரு ஆளு கூட எங்கிட்ட நீ சாப்டியான்னு கேக்கல.

2. பாஷா பாய் போட்ட சேரு

அண்ணிக்குக் கடை தெரியாது. மொத தடவ நான் கூட்டிட்டுப் போகணும்னு மேடம் சொன்னாங்க. சிவாஜிநகர்ல பாஷா பாய் குஜ்ரி. இரும்பு, பித்தளை, ஒடஞ்ச ஃபேன், எல்லாம் மலை மாதிரி குமிச்சு வச்சிருப்பாரு. அங்க ஒரு வழக்கம் இருக்கு. நமக்கு வேணுங்கிற சாமான நேரா எடுத்து கேக்கக் கூடாது. வேணாத பழைய பைப்பு, குழாயி கூட சேத்துக் குமிச்சு, மொத்தமா தராசுல போடச் சொல்லணும். ஆசை கண்ணுல தெரிஞ்சா வெலை ஏறிடும். எதுவும் வேணாங்கிற மூஞ்சி வைக்கிறதுல எங்கண்ணன் பெரிய ஆளு. நானும் பழகி வச்சிருந்தேன்.

நான் அந்த மூஞ்சியோட உள்ள போறேன். பாய் அண்ணியப் பாத்துட்டு எழுந்துட்டாரு.

"அர்ரே, கௌதம் வூட்டுக்காரம்மாவா? உக்காரு தாயி." அவரே சேரைத் துண்டால தொடச்சு போட்டாரு. "நீ ஒண்ணும் தேட வேணாம். நல்ல மால் வந்தா நானே எடுத்து வைக்கிறேன். கௌதம் பேருக்கு என் கடையில தராசே கெடையாது, முடிஞ்சத குடு."

அப்புறம் என்னைப் பாத்தாரு. "நீ... ஆங், பின்னாடி உக்காந்துட்டு வரும்ல அந்தப் பொண்ணு. சாய் குடிக்கிறியா?"

அஞ்சு வருஷமா வர்றேன். பின்னாடி உக்காந்துட்டு வர்ற பொண்ணு!

பரண் மேல இருந்து ஒரு ஜோடி கீலு எடுத்துக் குடுத்தாரு. கனமான பழைய பித்தளை, ரெண்டும் ஒரே அச்சு. அதுல ஒண்ணு கெடைக்கவே நாங்க மாசக்கணக்குல அலைவோம். அண்ணி அத வெங்காயம் வாங்குற மாதிரி பையில போட்டுக்கிச்சு.

வொர்க்‌ஷாப்ல மேடம், "விமலா, சூப்பர்! கௌதம் கை அப்படியே உனக்கு வந்திருக்கு"ன்னாங்க. நான் ஒரு கட்டில் காலத் தேய்ச்சுட்டு இருந்தேன். தேய்ச்ச தேய்ப்புல பாலிஷ் போய் மரமே தெரிஞ்சிடுச்சு.

3. பழசு மாதிரி வேணாம், பழசே வேணும்

எலெக்ட்ரானிக் சிட்டியில இருந்து ஒரு பொண்ணு டிராயர் பொட்டி ஒண்ணு கொண்டு வந்தாங்க. ரோஸ்வுட்டு. டிராயருக்கு ரெண்டு ரெண்டா தொங்குற பித்தளைக் கைப்பிடி. அதுல மூணு இல்ல.

"பழசு மாதிரி வேணாம். பழசே வேணும்"னாங்க அந்தப் பொண்ணு. மூக்குத்திய திருகிட்டே சொன்னாங்க. "எங்கம்மா வீட்டுது. இல்லன்னா அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க, வேற எடம் பாத்துக்கிறேன்."

அண்ணி பாய்கிட்ட போச்சு. ரெண்டாவது தடவயும் போச்சு. இந்த டிசைனு இல்ல தாயி, வந்தா சொல்றேன்னாராம். எனக்கு உள்ளுக்குள்ள என்ன சந்தோஷம்ங்கிறீங்க! இத மட்டும் நான் கொண்டு வந்துட்டா பை எங்கிட்ட வந்துடும்னு தோணுச்சு. மேடமும் யாராவது கொண்டு வாங்கன்னு பொதுவாத்தான் சொன்னாங்க. நான் அத எனக்குன்னு எடுத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறேன்னு அண்ணிகிட்ட சொல்லிட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். நானும் அண்ணனும் சுத்துற பழைய சாமான் சந்தையில, நடைபாதையில புதுசா ஒருத்தன் துணி விரிச்சு வச்சிருந்தான். அதுல கெடக்குது, அதே வளைவு, அதே பூவேலை. சரியா மூணு.

"அக்கா, வெள்ளக்காரன் பங்களா பீஸுக்கா. இடிச்ச எடத்துல இருந்து நேத்துதான் வந்துச்சு."

காந்தம் வச்சுப் பாத்தேன், ஒட்டல. ஸ்க்ரூ ஓட்டை தூரம் அளந்தேன், கரெக்ட். பூ இடுக்குல எல்லாம் கருப்பு ஏறியிருக்கு. அந்த வேணாங்கிற மூஞ்சி எல்லாம் எங்க போச்சோ, கேட்ட காச குடுத்துட்டு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு ஓடி வந்துட்டேன்.

வீட்டுல டிவி மேல வரிசையா அடுக்கி வச்சேன். "பாரு அண்ணி. உங்க பாய் இல்லன்னு சொன்னாரே."

அண்ணி கையில எடுத்துப் பாத்துச்சு. "நல்லா இருக்குடி"ன்னுச்சு. அவ்ளோதான். அண்ணி மூஞ்சி சுருங்குமான்னு பாத்தேன். சோறு போடப் போயிடுச்சு.

4. புளி

காலையில குழாயடியில சரக் சரக்னு சத்தம். போய் பாத்தா அண்ணி குந்திக்கிட்டு, புளியும் தேங்கா நாரும் வச்சு என் கைப்பிடிய தேய்க்குது, காமாட்சி வெளக்கு தேய்க்கிற மாதிரி.

எனக்கு உசுரே போயிடுச்சு. இந்த வேலையில பெரிய பாவம் அதுதான். பழைய பித்தளையோட கருப்புதான் அதோட வயசு. தேய்ச்சுட்டா அது நேத்து பொறந்த சாமான். பாய் குடுத்தத எல்லாம் அண்ணி கடையில இருந்து நேரா வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டு போயிடும், அதனால அதுங்க தப்பிச்சுது. வீட்டுல ராத்திரி தங்குன மொத சாமான் என்னோடது.

"அய்யோ அண்ணி! என்ன பண்ற நீ? வேணும்னேதானே பண்ற?"

"என்னடி கத்துற? அடுத்தவங்களுக்கு குடுக்கிற பித்தளைய அழுக்கோடவா குடுப்பாங்க? தேய்ச்சுக் குடுக்கலாம்னு..."

"எல்லாம் உனக்குத்தான்! வேலையும் உனக்கு, சேரும் உனக்கு, அழறதுக்கு ஆளும் உனக்கு. நான் ஒண்ணு கொண்டு வந்தா அதையும் கெடுத்துட்ட. அவன் எனக்கும்தான் அண்ணன்!"

அண்ணி கத்தல. கைப்பிடிய தண்ணியில அலசி எங்கிட்ட நீட்டுச்சு.

"நல்லா பாத்துட்டு அப்புறம் கத்து. இது பித்தளையே இல்ல யசு. தேய்க்க தேய்க்க வெள்ளையா வருது."

வாங்கிப் பாத்தேன். மேல இருந்த கருப்பு பெயிண்ட் மாதிரி வழிஞ்சிருக்கு. கீழ மஞ்சள் தோலு கிழிஞ்சு சாம்பல் கலரு தெரியுது. ஏதோ மட்டமான உலோகத்துல வார்த்து, மேல முலாம் பூசி, கருப்படிச்சு வித்திருக்கான். இரும்பு இல்லாததால காந்தமும் ஒட்டல. கையில வச்சப்பவே எடை கம்மின்னு தெரிஞ்சிருக்கும். நான் எடையே பாக்கல. ஜெயிக்கிற அவசரம்.

அப்படியே குழாயடியில உக்காந்துட்டேன். அண்ணியும் எழுந்திருக்கல.

"நீ சொன்னல்ல, எல்லாம் எனக்குன்னு"ன்னுச்சு. "எனக்கு கல்யாணம் ஆயி ஒரு ஞாயித்துக்கிழம உங்கண்ணன் வீட்டுல இருந்திருக்காரா? திங்கள்ல இருந்து சனி வரைக்கும் வேலை. ஞாயிறு நீ. ரெண்டு பேரும் சிரிச்சுட்டே வண்டி ஏறுவீங்க. நான் கொழந்தைய தூக்கிட்டு வாசல்ல நிப்பேன். வந்து ரெண்டு பேரும் கீலு, பூட்டுன்னு பேசுவீங்க, எனக்கு ஒரு எழவும் புரியாது. எவ்ளோ எரிச்சலா இருக்கும் தெரியுமா உம்மேல?"

நான் கைப்பிடிய கீழ வச்சேன்.

"மேடம் என்ன வேலை வேணும்னு கேட்டப்ப, அவங்க வீட்டுல பாத்திரம் கழுவுற வேலை கூட இருக்குன்னாங்க. நான்தான் இத குடுங்கன்னு கேட்டேன். அந்த ஞாயித்துக்கிழம எல்லாம் அவரு எங்கதான் போனாருன்னு பாக்கணும்னு இருந்துச்சு."

புளித்தண்ணி அது கை பூரா. அதோடயே கண்ணத் தொடச்சுக்கிச்சு, எரியுதுன்னு திட்டிச்சு. சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு ரெண்டு பேருக்கும்.

5. அப்புறம்

மேடம்கிட்ட நானே போய் போலின்னு சொல்லிட்டேன். கஸ்டமர் பொண்ணு மொதல்ல மூஞ்சிய தூக்குனாங்க. இருக்கிற பழைய கைப்பிடில ஒண்ண அச்சு எடுத்து நெஜப் பித்தளையில மூணு வார்த்தோம். புதுசுன்னு ஒளிக்காம சொல்லி, புதுச எல்லாம் அடி டிராயர் பக்கம் போட்டுக் குடுத்தோம். ஒத்துக்கிட்டாங்க. பை இன்னும் அண்ணிகிட்டதான் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போறோம். பாய் குடுக்கிறத நான் கையில எடை பாத்து வாங்குறேன். சேரு இன்னும் அண்ணிக்குத்தான் போடுறாரு, எனக்கு இன்னும் எரியுது.

இந்த வேலைக்கு வர்றவங்க ஒண்ணு மட்டும் புடிச்சுக்கோங்க. ஒருத்தர ஜெயிக்கணும்னு சாமான் தேடப் போகாதீங்க. அன்னிக்கு கண்ணு கருப்ப மட்டும்தான் பாக்கும், கை எடை பாக்காது. எத்தன வருஷம் பழகியிருந்தாலும் பாக்காது.

அண்ணன் போன எடமெல்லாம் ஒண்ணொண்ணா அண்ணிக்கு காட்டிட்டேன். எங்க வண்டி நிறுத்துவான், எந்தக் கடைக்காரர்கூட சண்ட போடுவான், எங்க நின்னு மழைக்கு ஒதுங்குவோம், எல்லாம். அண்ணி ஒவ்வொரு எடத்துலயும் கொஞ்ச நேரம் நிக்கும். நான் தள்ளி நின்னுப்பேன்.

சந்தைக்குப் பின்னாடி ஒரு சந்துல தள்ளுவண்டில ஈரல் வறுவல் போடுவாங்க. அலைஞ்சு முடிச்சு, ஒண்ணும் கெடைக்காத நாள்ல மட்டும் நானும் அண்ணனும் அங்க போவோம். ஒரே தட்டு வாங்குவான். பெரிய துண்டெல்லாம் எம்பக்கம் தள்ளிட்டு, பசிக்கலன்னு பொய் சொல்லுவான்.

அத மட்டும் இன்னும் அண்ணிக்குக் காட்டல. காட்டணும்தான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.