பன்னிரண்டு வயதில் ஒரு தீர்ப்பு

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஆறாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். ஒரு மழைநாளில், டச்சு அரண்மனையைப் பார்க்க வந்த ஹாலந்துக்காரப் பெண் ஒருவர் எங்கள் பள்ளிக்கும் வந்தார். அவரும் ஆசிரியை. சன்னலில் மழை வழிய, பக்கத்துக் கிடங்கின் சுக்கு வாசத்தில் வகுப்பே மிதப்பதுபோல் இருந்தது.

அப்போது சுமைதூக்கும் முருகேசன் வந்தார். "டீச்சர், எம்மக செல்விக்கு மலையாளம் ஏறவே மாட்டேங்குது. நிறுத்திட்டு இஞ்சி காயப்போட அனுப்பட்டுமா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். சரி என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

அவர் போனபின், நான் ஆங்கிலத்தில் விஷயத்தை விளக்க, விருந்தாளி மெல்லச் சொன்னார்: "எங்கள் ஊரில் பன்னிரண்டு வயதில் எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்று ஆசிரியர்தான் சொல்வார். என்னைச் சமையலும் தையலும் கற்கும் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். அதிலிருந்து மீண்டு ஆசிரியையாகப் பத்து வருடம் ஆனது. இப்போதெல்லாம் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்."

எனக்கு முகம் சுட்டது. செல்வி தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நானும் தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவள்தான். ஒருநாள்கூட அவளுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னதில்லை.

மறுநாள், "அண்ணே, ஒரு வருஷம் எங்கிட்ட விடுங்க" என்றேன். தினமும் மாலை அவளோடு உட்கார்ந்தேன்.

செல்வி தேறினாள். ஆனால் அவளுக்கு முன்னால் எத்தனை அப்பாக்களிடம் யோசிக்காமல் "நிறுத்திடுங்க" என்று சொல்லியிருக்கிறேன்! அந்தப் பிள்ளைகளின் பெயர்கள்கூட எனக்கு நினைவில்லை.