கால்விரலில் கேரம்

எனக்குத் தட்டைப் பாதம் என்று முதலில் காட்டிக்கொடுத்தது கேரம் பவுடர்தான். காசிமேட்டு வீட்டில் அக்கா போர்டைத் துடைத்தபோது தரையெல்லாம் பவுடர் சிந்தியது. நான் அதை மிதித்துக்கொண்டு நடந்தேன். நடுவில் வளைவே இல்லாமல், தோசை ஊற்றினாற்போல் முழுப் பாதமும் பதிந்திருந்தது. அக்கா குனிந்து அதையே வெகுநேரம் பார்த்தாள்.

எனக்கு அப்போது பத்து வயது, அக்காவுக்கு இருபது. பள்ளிக் கால்பந்து அணியில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. ஆனால் கொஞ்ச நேரம் ஓடினாலே பாதமும் கெண்டைக்காலும் விண்விண்ணென்று தெறிக்கும். சோம்பேறித்தனம் என்று அம்மா தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அக்காதான் மறுநாளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் வலுவாக வேண்டும், கால்விரல்களால் துண்டைச் சுருட்டி இழு, சிறு பொருள்களைப் பொறுக்கு என்றார் அங்கிருந்த பிசியோதெரபி மேடம். கிளம்பும்போது அக்கா தயங்கி நின்றாள்.

"பெரியவங்க செஞ்சாலும் சரியாவுமா மேடம்?"

"வலி கொறையும்மா. பாதம் வளையுறது சந்தேகம்தான்."

துறைமுகத்தில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் அப்பாவுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

துண்டு இரண்டே நாளில் சலித்துவிட்டது. எங்கள் தெருவிலோ கேரம் ஆடத் தெரியாதவர்களை ஆளாகவே மதிக்கமாட்டார்கள். அக்கா காய்களைத் தரையில் கொட்டினாள். எனக்கு வெள்ளை, அவளுக்குக் கறுப்பு. கால்விரலால் கவ்வி டப்பாவில் போட வேண்டும். சிவப்பை எடுத்தால் அடுத்ததாகத் தன் காய் ஒன்றை எடுத்து ஃபாலோ போட்டாக வேண்டும். அது நழுவினால் சிவப்பு திரும்பத் தரைக்கு வந்துவிடும். காலால் ஆடினாலும் சட்டம் சட்டம்தான்.

முதல் வாரம் இருவருமே பாதத்தில் நரம்பு இழுத்துக்கொண்டு உருண்டோம். பிறகு நான் தேறிவிட்டேன். அக்காவுக்கு மட்டும் ஃபாலோ காய் நழுவிக்கொண்டே இருந்தது. போர்டில் தெருவையே தோற்கடிப்பவள் என்னிடம் தினமும் தோற்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னாக்கா, வுட்டுக் குடுத்துகினு கீற? ஒய்ங்கா ஆடு."

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சரிடி. நாளைக்குப் பாரு."

நாலைந்து மாதத்தில் என் வலி போயிற்று. வளைவு பெரிதாக வந்துவிடவில்லை, ஆனால் அணியில் இடம் வந்தது. அதற்குப் பிறகும் அக்கா காய்களைத் தரையில் கொட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் ஆட வரவில்லை.

போன பொங்கலுக்கு வீடு கழுவியபோது அக்கா ஈரக்காலோடு கூடத்தைக் கடந்தாள். தரையில் முழுப் பாதம், அன்றைய என்னுடையதைப் போலவே. கேட்டதற்கு, மார்க்கெட் போய்வந்த கதைபோல் சொன்னாள். போலீஸ் தேர்வில் ஓட்டத்தில் அவள்தான் முதலாவதாம். பிறகு தட்டைப் பாதம் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அது பவுடர் சிந்தியதற்கு முந்தின வாரம். அடுத்த வருஷமும் வீட்டுக்குத் தெரியாமல் போயிருக்கிறாள், அதே பதில்தான்.

என் அக்காவைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. விட்டுக்கொடுக்கிறாள் என்று நான் கோபித்துக்கொண்ட அத்தனை ஆட்டத்திலும், அவள் ஜெயிக்கத்தான் ஆடியிருக்கிறாள்.