கறுப்பாக ஒரு கேப்டன்

சிம்மக்கல்லில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் ஆர்டர் எடுப்பது என் வேலை. விளாங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் அறிவியல் புனைகதை படிப்பேன். பக்கத்து சீட்டு அம்மா என் தோளில் தூங்கி விழுந்துகொண்டிருப்பார். நான் வியாழனின் நிலவு ஒன்றில் இறங்கிக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தெரிந்தவர்களில் இதைப் படிப்பவர் ஒருவரும் கிடையாது. என் கணவர் கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்யாணமான புதிதில் என் போனை எட்டிப் பார்த்து, "இதெல்லாம் சின்னப் பிள்ளைக படிக்கிறது இல்லையா?" என்றார். சண்டை போடவில்லை. படித்துக்கொண்டிருந்த கதையை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் பஸ் வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் கடைக்கே போன் வந்தது.

"அந்தாளு பூமிக்குத் திரும்பி வந்தானா இல்லையா? அத மட்டும் சொல்லிட்டு வையி."

அதற்குப் பிறகு அவர் கேலி செய்ததில்லை.

பேச ஆள் தேடி வாட்ஸ்அப்பில் ஒரு வாசகர் குழுவில் சேர்ந்தேன். தமிழ்நாடு முழுக்க ஆட்கள். கதைகளைப் பிரித்து மேய்வோம். ஒளி வேகத்தைத் தாண்ட முடியுமா என்று விடியக்காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓடும். அங்கே என் படத்துக்குப் பதிலாக ஒரு கோளின் படத்தை வைத்திருந்தேன். என் கருத்தைப் பாராட்டியவர்கள் பலர். என் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

மதுரையிலேயே ஒரு நாள் கூடுவது என்று முடிவானது. பிடித்த கதாபாத்திரத்தின் வேடத்தில் வரலாம் என்றார்கள். என் மனதிலிருந்தவள் ஒரு விண்கலத் தலைவி. பல ஆங்கிலக் கதைகளில் வருகிறவள், யாருக்கும் பயப்படாதவள். "நான் கேப்டனாக வருகிறேன்" என்று எழுதி, முதல்முறையாக என் போட்டோவையும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பதில் போட்டார். குழுவில் நன்றாகப் படித்தவர் என்று பெயர் எடுத்தவர்.

"கேப்டன் வெள்ளைக்காரி ஆச்சே! நீங்க வேற்றுக்கிரகவாசியா வந்தா மேக்கப்பே வேணாமே." கூடவே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள்.

வேறு சிலரும் சிரித்துவைத்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சுதான். ஆனால் ஆயிரம் நிறத்தில் உயிர்கள் வாழும் உலகங்களைப் படிக்கிறவர்களிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போனைக் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போகப் போறியா, விட்டுட்டியா?"

"போறேன். கேப்டனாத்தான் போறேன்."

"அப்பச் சரி. நானும் வாரேன்."

கருநீலத் துணி எடுத்து, கழுத்து உயர்த்திய கோட் தைக்கக் கொடுத்தேன். தையல்காரர் அளவெடுத்தபடியே, "ஏர்போர்ட்ல வேலையாக்கா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல" என்றேன்.

கூட்டத்தன்று மண்டபத்தில் முகமூடிகளும் அட்டையில் செய்த துப்பாக்கிகளுமாக ஒரே களேபரம். ஒவ்வொருவராக மேடையேற்றினார்கள். என் முறை வந்ததும் அறிவிப்பாளர் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "அடுத்து வேற்றுக்கிரகத்துப் பெண்!" என்று முழங்கினான்.

மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினேன்.

"நான் இந்தக் கப்பலோட கேப்டன். விளாங்குடியிலிருந்து வாரேன். இங்க வேற்றுக்கிரகவாசி யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க, சீட்டு ஒதுக்கணும்."

பின்வரிசையில் என் கணவர் கையைத் தூக்கினார். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து அல்ல, என்னோடு சேர்ந்து வந்தது. அன்று முழுவதும் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் "கேப்டன்" என்றே கூப்பிட்டார்கள். கேலி செய்தவர் தூரத்திலேயே நின்றார். நானும் தேடிப் போகவில்லை.

மறுநாள் குழுவில் படங்கள் வந்தன. என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது. படமெடுத்த தம்பிக்குப் போன் செய்தேன்.

"எல்லாருக்கும் லைட்டா பிரைட் பண்ணேன்க்கா. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா. நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அது நானில்ல. அம்புட்டுத் தூரம் நடந்துபோயி மேடையேறுனது இந்த மூஞ்சிதான். அதப் போடுங்க."

பிரைட் பண்ணாத படத்தை அனுப்பினார். கோளை எடுத்துவிட்டு அதை என் முகப்புப் படமாக வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கேலி செய்தவர் தனியே எழுதினார்: "விளையாட்டுக்குச் சொன்னது. மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்கத்தான் செய்வேன். அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வாங்க" என்று பதில் போட்டேன். வந்தார். இப்போது நான் எழுதுவதை முதலில் படித்துக் குறை சொல்பவர் அவர்தான். பிழைகளைச் சரியாகவே பிடிக்கிறார்.

ஆம், எழுத ஆரம்பித்துவிட்டேன். என் முதல் கதையில் கலத்தை ஓட்டுபவள் கொட்டாம்பட்டிக்காரி. கலம் பழுதாகும்போது இன்ஜினை மதுரைத் தமிழில் திட்டுகிறாள். குழுவின் அடுத்தொரு கூட்டத்தில் வாசித்தபோது ஒரு பெண் கேட்டார்: "அவ கறுப்புன்னு முதல் வரியிலயே எதுக்குச் சொல்லணும்? கதைக்கு அது தேவையில்லையே."

"சொல்லலைன்னா நீங்க அவள எந்த நிறத்துல நினைச்சிருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு, "சிவப்பாத்தான்" என்றார். அவருடைய கையும் என் கையைப் போலத்தான் இருந்தது.

முதல் வரியை மாற்றவில்லை.