சம்பளமில்லாத மதகுக்காரர்

தொண்ணூறுகளின் நடுவில், சுவிஸ் வந்த முதல் கோடையை நான் ஒரு மதகில் கழித்தேன். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மதகு அல்ல. ஏரியிலிருந்து இறங்கி வரும் ஆற்றில் படகுகளை ஏற்றி இறக்கும் இடம். இரண்டு பெரிய கதவுகள், நடுவில் கல்லால் கட்டிய தொட்டி. கீழேயிருந்து வரும் படகை உள்ளே விட்டுப் பின்கதவை மூடிவிட்டு, மேலேயிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு மெல்ல மெல்ல உயரும். மேல்மட்டத்துக்கு வந்ததும் முன்கதவைத் திறந்தால் போய்விடும். ஜேர்மன் மொழியில் அதற்கு ஷ்லொய்சே என்று பெயர். எங்கள் வாயில் அது நுழையவில்லை. மதகு என்றே வைத்துக்கொண்டோம்.

எங்கள் என்றது, அகதி விடுதியில் என்னோடு இருந்தவர்களை. தஞ்சம் கேட்டுப் பதிந்தவர்கள் முதல் சில மாதங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். நாட்டில் வேலையில்லாதவர்கள் கூடிவிட்ட காலம் என்பதால் எங்கள் மாநிலம் அந்தத் தடையை இன்னும் நீட்டியிருந்தது. சும்மா இருப்பதற்கு ஒருவரும் தடை போடவில்லை. ஆகவே சும்மா இருந்தோம். சமைத்தோம், வீடியோ பார்த்தோம், படுத்தோம், எழும்பி மறுபடி படுத்தோம். பகலில் படுத்தால் ஊரில் விட்டுவந்ததெல்லாம் கட்டிலைச் சுற்றி வந்து நிற்கும். எனக்கு விசர் பிடித்துவிடும் போலிருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் விடுதியில் ஒருவருக்கு உண்மையாகவே பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அப்போதுதான் விடுதிக்குப் பொறுப்பான பெண்மணி வந்து, ஆற்றங்கரை மதகில் உதவிக்கு ஆள் தேவை, சம்பளம் கிடையாது, ஆகவே சட்டப்படி செய்யலாம், யாருக்காவது விருப்பமா என்று கேட்டார். நான் மட்டும் கையைத் தூக்கினேன். பக்கத்துக் கட்டில் மன்னார் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கென்ன விசரோ? வெள்ளைக்காரன்ர போட்டுக்கு ஓசியில கதவு திறக்கப் போறியோ?"

"இஞ்ச கிடந்தாத்தான் அண்ணை விசர்," என்றேன்.

மதகுக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். கட்டையான, தடித்த மனிதர். வாயில் எப்போதும் ஒரு குட்டைச் சுருட்டு இருக்கும், பாதி நேரம் அது அணைந்திருக்கும். ஊர்ச்சபைதான் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. மதகை ஒட்டிய வீடும் ஊர்ச்சபையுடையது. வேலையோடு வந்த வீடு, வேலை போனால் போகும் வீடு. மனைவியும் அவரும் இருபது வருடத்துக்கு மேலாக அங்கே இருந்தார்கள். என்னைக் கண்டதும் அவருக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஒரு இரும்புக் கைப்பிடியை என்னிடம் தந்து, பல்சக்கரத்தைக் காட்டி, சுற்று என்று சைகை செய்தார். சுற்றினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் போனேன். ஒரு கரையில் அவர், மறுகரையில் நான். படகிலிருப்பவர் எறியும் கயிற்றைப் பிடித்துத் தூணில் சுற்றுவது, தண்ணீர் ஏற ஏறக் கயிற்றை இழுத்துக் கொடுப்பது, கதவைத் தள்ளுவது. இரவில் கனவில்லாமல் நித்திரை வந்தது.

வார இறுதிகளில் வேறு ஆட்கள் வருவார்கள். படகுக் கழகத்தின் ஓய்வுபெற்ற கனவான்கள். அவர்களும் சம்பளமில்லாத தொண்டர்கள்தான், ஆனால் என்னைப் போலல்ல. மடக்கு நாற்காலி, வெள்ளைத் தொப்பி, கூடையில் பாலாடைக்கட்டியும் வைனும். மழை என்றால் வரமாட்டார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர், முன்னாள் வங்கி மனேஜர், தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டார். தொட்டிக்குள் இருந்த படகு குதிரை மாதிரித் துள்ளியது. கயிறு அறுந்தது. மேல்தட்டில் மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மையாரின் சலாட் முழுவதும் அவருடைய மடியில். மதகுக்காரர் ஓடிப்போய்த் தண்ணீரை அடைத்தார். முகம் தக்காளிப்பழம். ஆனால் மனேஜரிடம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, வந்து உதவியதற்கு நன்றி என்றார்.

அதற்கு அடுத்த வாரம் நான் கைப்பிடியைத் தண்ணீருக்குள் விழுத்திவிட்டேன். என்னை அவர் ஏசினார். சுவிஸ் ஜேர்மனில், சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முழுமூச்சாக ஏசினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கோ உள்ளுக்குள் குளிர்ந்தது. பிற்காலத்தில் எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் மனேஜருக்குக் கிடைத்த அதே நன்றியைக் கண்டேன். சும்மா வந்து படிப்பிக்கிற ஆசிரியர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தாலும் பெற்றோர் எழுந்து நின்று சிரிப்பார்கள். ஓசியில் உழைப்பவரை யார் ஏசுவது? மதகுக்காரர் என்னை வேலைக்காரனாக மதித்தார். அந்த நாட்டில் என்னை அப்படி மதித்த முதல் ஆள் அவர்.

கோடை முடியும் தறுவாயில் அவருடைய மனைவி எனக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டே, விளங்கட்டும் என்று மெதுவாக, பள்ளிக்கூட ஜேர்மனில் சொன்னார். ஊர்ச்சபையிடம் காசு இல்லை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது. மதகைத் தொண்டர்களை வைத்தே நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. ஊர்க்காரர் கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுப்பார்கள். தூக்கினால் இவருக்கு வேலையும் இல்லை, எங்களுக்கு வீடும் இல்லை. இந்த வயதில் இவரை யார் எடுப்பார்கள்? என்னிடம் எதையும் கேட்கவில்லை. கோப்பியில் வழக்கம்போல் பால் அதிகமாக இருந்தது. மதகுக்காரர் வெளியே கதவுக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்துக்கு என்னையும் வரச்சொல்லி அழைத்தவர் வங்கி மனேஜர். முதுகில் தட்டி, உன்னைப் பற்றியும் பேசுவோம் என்றார். எதற்கென்று விளங்காவிட்டாலும் பெருமையாக இருந்தது. அண்ணையிடம் கோட் இரவல் வாங்கினேன்.

"கலியாண வீட்டுக்கோ?"

"இல்லை அண்ணை, கூட்டம்."

"ஏதும் தின்னத் தருவினமோ எண்டு கேட்டுப்போட்டுப் போ."

பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் கூட்டம். வாக்குரிமை உள்ளவர்கள் நடுவில். என்னைப் போன்றவர்களுக்குச் சுவரோரம் தனி நாற்காலிகள். மதகு விஷயம் வந்ததும், சம்பந்தப்பட்டவர் இருக்கக்கூடாது என்ற முறைப்படி மதகுக்காரர் எழுந்து வெளியே போனார். மனைவி மட்டும் இருந்தார். ஊர்ச்சபைத் தலைவர் பேசினார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கூரை ஒழுகுவது உண்மை, காசில்லாததும் உண்மை. வார இறுதிகளில் கழகத்தார் இருக்கிறார்கள், வார நாட்களுக்கு யார் என்று கேட்பீர்கள் என்று சொல்லி, என் பக்கம் கையை நீட்டினார். இதோ, சிறீலங்காவிலிருந்து வந்த இந்த மனிதர், ஒரு சதமும் வாங்காமல், மழையிலும் தினமும் வருகிறார். மனமிருந்தால் முடியும் என்பதற்கு இவரே சாட்சி. மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதரின் வீட்டை இடிக்க என்னையே கடப்பாரையாக எடுத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்.

தபாற்கந்தோரில் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து, அந்த மனிதரைப் பற்றிப் பேசுகிறோம், அவரையே கேட்டால் என்ன என்றார். அந்நியன் பேசலாமா என்பதற்கும் கை தூக்கினார்கள். பேசலாம் என்று முடிவாயிற்று. எழுந்தேன். என் ஓட்டை ஜேர்மனில் நான் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"நான் நல்ல மனுசன் எண்டதால வரயில்லை. காசுக்கு வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை, அதால வாறன். அனுமதி வந்தா அடுத்த நாளே நான் றெஸ்ரோறன்ற்றில கோப்பை கழுவப் போயிடுவன். பிறகு மதகுக்கு ஆரும் வரமாட்டினம்."

வங்கி மனேஜர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தபாற்கந்தோர்ப் பெண் மறுபடி எழுந்து, உணர்ச்சியோடு, வேகமாகப் பேசினார். மதகுக்காரரின் வேலை இருக்கவேண்டும் என்பது விளங்கியது. அதற்குப் பின் சொன்னது விளங்கவில்லை. கைகள் எழும்பின, எண்ணினார்கள், அந்தப் பெண் சொன்ன தீர்மானம் நிறைவேறியது, மதகுக்காரரின் வேலை தப்பியது. மதகுக்காரரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் மதகுக்குப் போனேன். வாசலில் கம்பிப் படலை பூட்டியிருந்தது. மதகுக்காரர் வந்தார். கம்பிக்கு மேலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தார், விடவில்லை. உள்ளே விடமுடியாது என்றார். எனக்கு விளங்கவில்லை என்று கண்டதும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். உழைக்க அனுமதி இல்லாத ஒருவரை ஓசியில் வேலை வாங்குவது இந்த ஊருக்கு வெட்கம். இனி விடுதிக்காரர் எவரையும் மதகில் சேர்க்கக்கூடாது. நேற்றைய தீர்மானத்தின் மற்றப் பாதி அது.

அப்போது கீழே ஒரு படகு வந்து ஹோர்ன் அடித்தது. அவர் கையை விட்டுவிட்டுப் போனார். படகை உள்ளே எடுத்து, இந்தக் கரையில் ஒரு கயிற்றைக் கட்டி, கதவின் மேலாலே நடந்து மறுகரைக்குப் போய் மற்றக் கயிற்றைப் பிடித்தார். திரும்ப இங்கே வந்து பல்சக்கரத்தைச் சுற்றினார். மூச்சு வாங்கியது. நான் கம்பிக்கு வெளியே நின்று, படகு முழுதாக உயரும்வரை பார்த்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

விடுதிக்கு வந்தபோது அண்ணை கட்டிலில் கிடந்தார்.

"என்னடா, நேரத்தோட வந்திட்டாய்?"

நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"சம்பளம் இல்லாத வேலையில இருந்தும் நிப்பாட்டிப்போட்டாங்களோ!"

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். வேலை அனுமதி எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். படகுகள் ஓடும் நாள். சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். ஊரைவிட்டு வந்ததிலிருந்து முதல் தடவையாக அழுதேன்.