ஒரே பெயரில் இருவர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது ஆறு. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் இதை இன்னொருவர் கையால் எழுத வைக்க எனக்கு மனசில்லை. மெதுவாகத்தான் வரும்.

மூத்தவனுக்கு என் மாமனார் பெயரை வைத்தோம். நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்துப் பிறந்தவனுக்கும் அதே பெயர்தான் என்றார் மாமியார். பெயர் விட்டுப்போகக் கூடாதாம். அவனே திரும்பி வந்துவிட்டான் என்று ஊரும் சொன்னது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிச் சோற்றுக்குக் கூப்பிட்டால், ஓடி வரும் காலடி இரண்டு பேருடையதாகக் கேட்கும். திரும்பினால் ஒருவன்தான் நிற்பான்.

அந்த இரண்டாமவனுடைய மகள் மன்னார்குடியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். எல்லோரும் சம்பா அறுப்புக்குப் போய்விட, வீட்டில் நாங்கள் இருவர்தான். சி மொழியில், பெயர்களை அகர வரிசையில் அடுக்கப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். வேறு இடம் கேட்காமல், இருக்கிற இடத்துக்குள்ளேயே அடுக்க வேண்டுமாம். ஒரு பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைவிடப் பின்னால் வரவேண்டியவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி, காலியான இடத்தில் கையில் உள்ளதைப் போட வேண்டும்.

“சோதிச்சுப் பாக்கப் பேரு வேணும். உங்க பிள்ளைங்க பேரச் சொல்லுங்க அப்பாயி.”

பிறந்த வரிசையில் சொன்னேன்.

“அப்பா பேர ரெண்டு தடவ சொல்றீங்க! அவ்வளவு செல்லமா?”

“ரெண்டு பேருடி. முன்னாடி ஒருத்தன் இருந்தான்.”

சிரிப்பு நின்றது. இரண்டையும் அடித்தாள். அடையாளம் தெரிய, பிறந்த வரிசை எண்ணையும் பக்கத்தில் போட்டாள். ஓட்டியதும், இரண்டு என்ற எண் முன்னாலும் ஒன்று பின்னாலும் நின்றன.

“தம்பி எப்படிடி அண்ணனத் தாண்டினான்?”

“எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பாக்கும் அப்பாயி. கடைசி வரைக்கும் ஒண்ணா இருந்தா சைபர்னு சொல்லிடும். வித்தியாசமே இல்லன்னு அர்த்தம்.”

“ஊருல சொன்னதையே இதுவும் சொல்லுதா? எனக்கு வித்தியாசம் இருக்குடி. அவன் அவன்தான், இவன் இவன்தான். மூத்தவன அவன் எடத்துல நிக்க வையி.”

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

“என் தப்புதான். சமமா இருந்தாலும் நகர்த்துன்னு எழுதிட்டேன். அந்தச் சமக்குறிய எடுத்துட்டா தாண்டாது.”

ஒரு குறியை அழித்தாள். மறுபடி ஓட்டினாள்.

“பாருங்க, பெரியப்பா முன்னாடி வந்துட்டாரு.”

நான்கு வயதில் போன பிள்ளையை இத்தனை வருடத்தில் யாரும் உறவுமுறை வைத்துச் சொன்னதில்லை. அந்தச் சொல் கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குள் நடந்து போனது போலிருந்தது. அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்தாள்.

எழுதி முடித்த தாளை இப்போது அவளிடம்தான் நீட்டுகிறேன்.

“படிச்சுக் காட்டுடி. அவன எங்கயாவது விட்டுட்டனான்னு பாக்கணும்.”